மூன்றரை அடிப் பாதையில் நிலக்கரி

ஒடுங்கிய புகையிரதப் பாதை என்றதும், மலைச் சரிவில் வளைந்து நெளிந்து செல்லும் சிறு வண்டியொன்றே பலர் மனக்கண்முன் தோன்றும். நான்கைந்து பெட்டிகள், மூச்சு வாங்கும் எஞ்சின், வழிநெடுகக் கையசைத்து நிற்கும் சிறுவர்கள் எனக் காட்சி விரியும். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கே உள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இக்காட்சி செல்லாது. 1970-களில் அம்மாநிலத்தின் நடுப்பகுதியில், வீதிக் கடவையொன்றில் காத்து நின்றவர் கண்டது வேறு. முதலிலே மூன்று டீசல் எஞ்சின்கள் உறுமிக்கொண்டு கடந்தன. அவற்றின் பின்னே நிலக்கரி குவிந்த பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொடர் முடிந்துவிடும் என எண்ணிய வேளையில், நடுவே மேலும் மூன்று எஞ்சின்கள் வந்தன. அவற்றிலே ஓட்டுநர் எவரும் இல்லை. அவற்றின் பின்னே மீண்டும் பெட்டிகள். ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளம். பத்தாயிரம் தொன் அளவிலான பாரம். இத்தனையும் உருண்டது, 3 அடி 6 அங்குல இடைவெளியில் கிடந்த இரு தண்டவாளங்களின் மீது.

இந்தச் சிறிய இடைவெளி இவ்வளவு பெரும் பாரத்தைத் தாங்க வந்தது எவ்வாறு, அதனால் விளைந்த செல்வம் யார் கையைச் சேர்ந்தது என்னும் இரண்டையும் இங்கே ஆராய்வோம்.

குயின்ஸ்லாந்து 1859 டிசெம்பரில் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து தனிக் குடியேற்ற நாடாயிற்று. பிரிந்த நாளில் அதன் திறைசேரியில் ஏழரைப் பென்சு மாத்திரமே இருந்ததென்றும், அதனையும் சில நாட்களில் கள்வன் ஒருவன் கொண்டு போய்விட்டான் என்றும் அங்கே ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், வறுமை மெய். முப்பதினாயிரத்துக்கும் குறைந்த குடியேறிகள், பிரான்சைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்ட ஒரு நிலப்பரப்பை ஆளப் புறப்பட்டிருந்தனர். அந்நிலத்தின் பழங்குடி மக்களை எவரும் கணக்கிலே சேர்க்கவில்லை. உள்நாட்டு மேட்டுநிலத்தின் ஆட்டு மயிரைத் துறைமுகத்துக்குக் கொணர ஒரு புகையிரதப் பாதை வேண்டும். அதற்கோ பணம் இல்லை. இடையிலே மலைத்தொடர் வேறு.

அயர்லாந்துக்காரரான பொறியியலாளர் ஏபிரகாம் பிட்ஸ்கிபன் இதற்கு ஒரு வழி கூறினார். பாதையை ஒடுக்குக, அப்பொழுது வளைவுகளைக் கூர்மையாக்கலாம், வளைவு கூர்மையானால் மலையைக் குடையாமல் மலையின் உருவத்தைப் பின்பற்றிச் செல்லலாம், எஞ்சினும் பெட்டியும் இலேசானால் தண்டவாளமும் பாலமும் இலேசாக அமையும். நோர்வே நாட்டில் கார்ல் பீல் என்பார் 1862-ஆம் ஆண்டிலேயே இதே மூன்றரை அடிப் பாதையை அமைத்திருந்தார். ஆயினும், அதனை ஒரு நாட்டின் தலைமைப் பாதையாகவே கொள்வது அன்று பெருந் துணிவு. சட்ட சபையிலும் பத்திரிகைகளிலும் எதிர்ப்பு வலுத்தது. விளையாட்டுப் பாதை என்று நகைத்தவர்கள் உளர். அயலிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் 4 அடி 8½ அங்குலப் பாதையை இட்டிருக்க, நாம் மாத்திரம் தனி வழி செல்வதா என்று கேட்டவர்களும் உளர். இக்கேள்வி பொருளற்றது அன்று. 1888-இல் இரு பாதைகளும் எல்லையிலுள்ள வாலங்காராவில் சந்தித்தபோது, பயணிகளும் பொதிகளும் வண்டி மாற வேண்டியதாயிற்று.

1865 யூலை 31-ஆம் நாள், இப்சுவிச் நகரிலிருந்து பிக்ஸ் காம்ப் வரை 34 கிலோமீற்றர் நீளமான முதற் பாதை திறந்து வைக்கப்பட்டது. யாருக்கு 40 இறாத்தல் நிறையுள்ள தண்டவாளம். இன்றைய கணக்கில் மீற்றருக்கு 20 கிலோகிராம். இரண்டு ஆண்டுகளில் பாதை மலைமேல் ஏறித் துவூம்பா நகரை அடைந்தது. அம்மலையில் வளைவுகளின் ஆரை 100 மீற்றர் அளவுக்குச் சுருங்கியது. பிட்ஸ்கிபன் வென்றார் என்றே சொல்ல வேண்டும். பின்னர் யப்பான், நியூசிலாந்து, தென் ஆபிரிக்கா ஆகிய நாடுகளும் அதே அகலத்தைக் கைக்கொண்டன. யப்பானின் முதற் பாதை 1872-இல் அந்த அகலத்திலேயே அமைந்தது. யப்பானை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நமது கதையில் அது மீண்டும் வரும்.

அடுத்த எண்பது ஆண்டுகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. துறைமுகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாதை மேற்கே சென்றது. கரையோரமாக அவற்றை இணைக்கும் பாதை 1924-இல்தான் கேர்ன்ஸ் நகர் வரை முற்றுப்பெற்றது. நிலக்கரியைப் பொறுத்தவரை, இப்சுவிச்சைச் சூழ்ந்த சுரங்கங்களே முதன்மை வகித்தன. அவற்றின் பெரிய வாடிக்கைகளுள் ஒன்று புகையிரதப் பகுதியே. நீராவி எஞ்சின் நிலக்கரியைச் சுமந்தது, நிலக்கரியைத் தின்றது. இரண்டும் ஒரே வீட்டுக் கணக்கு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்த வீடு தளர்ந்திருந்தது. போர்க்கால உழைப்பால் எஞ்சின்கள் தேய்ந்து போயிருந்தன. அரசாங்கம் முதலில் நீராவியையே நம்பி, நடுவே கொதிகலனும் இருபுறமும் சக்கரத் தொகுதிகளும் கொண்ட கறட் எஞ்சின்கள் முப்பதைத் தருவித்தது. அவை 1950-இலும் 1951-இலும் வந்திறங்கின. அடுத்த ஆண்டே, 1952-இல், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் கம்பனி செய்த பத்து டீசல் எஞ்சின்களும் வந்தன. இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கு விடை விரைவிலே விளங்கியிருக்க வேண்டும். கறட் எஞ்சின்கள் 1960-களில் ஓய்வுபெற்றன. அத்தசாப்தம் முடியுமுன்னே குயின்ஸ்லாந்து அரசின் பாதைகளில் நீராவி மறைந்தது.

டீசல் எஞ்சின் என்பது உண்மையில் தன் மின் நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் ஒரு மின்வண்டி. உள்ளேயுள்ள டீசல் பொறி சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் ஒவ்வோர் அச்சிலும் தொங்கும் மின்னோடிகளுக்குச் செல்கிறது. நீராவி எஞ்சினிலே முன்னுருளும் சிறு சக்கரங்களும், நீரும் கரியும் சுமக்கும் பின்வண்டியின் சக்கரங்களும் இழுவைக்கு உதவுவதில்லை. டீசலிலோ ஆறு அச்சுக்கள் இருந்தால் ஆறும் இழுக்கும். எஞ்சினின் முழு நிறையும் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளப் பயன்படும். இரண்டு, மூன்று எஞ்சின்களைக் கம்பியால் இணைத்து ஒரே ஓட்டுநரின் கைப்பிடிக்குள் அடக்கவும் முடியும். வழியிலே தண்ணீர்த் தொட்டி தேவையில்லை. சாம்பல் வாரத் தேவையில்லை.

இப்சுவிச் சுரங்கத் தொழிலாளருக்கு இந்த மாற்றம் நற்செய்தியாக இருக்கவில்லை. புகையிரதப் பகுதி நிலக்கரி வாங்குவதை நிறுத்த நிறுத்த, அவர்களுடைய சந்தை சுருங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த எண்ணெயை எரிக்கும் எஞ்சின், உள்நாட்டுக் கரியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1950-களில் அங்கே வாழ்ந்த ஒருவரிடம், நிலக்கரித் தொழிலை வாழ்விக்க வருவது டீசல் எஞ்சினே என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

இனி வடக்கே செல்வோம். பிரிஸ்பேனிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தொலைவில், போவன் படுகை எனப்படும் பரந்த நிலக்கரிப் பிரதேசம் இருக்கின்றது. 1845-இல் அவ்வழியே சென்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் லுட்விக் லைக்காட், ஆற்றங்கரையில் நிலக்கரிப் படிவங்களைக் கண்டு குறித்துள்ளார். கண்டதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. கடலிலிருந்து தொலைவு, வாங்குவோர் இல்லை. போருக்குப் பின் யப்பானின் உருக்காலைகள் எழுந்தபோதே நிலை மாறியது. உருக்குக்கு எல்லா நிலக்கரியும் உதவாது. காற்றின்றிச் சுட்டால் உறுதியான கற்கரியாக இறுகும் தன்மை வேண்டும். போவன் படுகையின் கரிக்கு அத்தன்மை சிறப்பாக அமைந்திருந்தது.

அதனை யப்பானுக்கு விற்க முன்வந்தவர்களுள் முதல்வர்கள் தீஸ் சகோதரர்கள் என்னும் கட்டடக் குத்தகைக்காரர்கள். அவர்களுள் லெஸ்லி தீஸ் என்பவரே யப்பானின் தொயோட்டா வாகனங்களை அவுஸ்திரேலியாவுக்கு முதன்முதல் இறக்கியவர். கப்பல் ஒரு திசையில் வாகனமும் மறு திசையில் நிலக்கரியும் கொண்டு சென்றது என்றால் மிகையாகாது. 1960-களின் தொடக்கத்தில் கியங்கா, மவுரா ஆகிய இடங்களில் அவர்கள் சுரங்கங்களைத் திறந்தனர். பின்னர் அமெரிக்காவின் பீபொடி கம்பனியும் யப்பானின் மிற்சுயி கம்பனியும் பங்காளிகளாயின. கிளாட்ஸ்ரன் துறைமுகம் கிழக்கே இருந்தது. பழைய புகையிரதப் பாதையோ வடக்கே மவுண்ட் மோர்கன் மலையைத் தாண்டி, ராக்ஹாம்ப்ரன் நகரைச் சுற்றிப் பின் தெற்கே திரும்பியது. கமக்காரரின் பருத்தியையும் கால்நடைகளையும் எண்ணி இட்ட பாதை அது. பெருந்தொகை நிலக்கரிக்கு அது உதவாது என்பது விரைவிலே தெளிவாயிற்று. ஆகவே 1968-இல், மவுராவிலிருந்து கிளாட்ஸ்ரனுக்கு நேரே செல்லும் குறுக்குப் பாதை திறக்கப்பட்டது. நீராவியை எண்ணாது, டீசலையே கருதி அமைத்த நிலக்கரிப் பாதை அது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். புதிதாக இடும் பாதையை ஏன் அகலமாக இடவில்லை? இட்டிருக்கலாம். ஆனால் பட்டறைகள், எஞ்சின்கள், ஓட்டுநர்கள், துறைமுகத் தடங்கள் அனைத்தும் மூன்றரை அடிக்குரியவை. ஒரு பாதையை அகலமாக்கினால் அது மற்றவற்றிலிருந்து பிரிந்து தனித்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு: பாதையின் சுமைதாங்கும் வலிமையை நிர்ணயிப்பது அகலம் மாத்திரம் அன்று. ஓர் அச்சு தண்டவாளத்தின் மீது எவ்வளவு நிறையை அழுத்தலாம் என்பதே முதற் கணக்கு. அதனைத் தாங்குவன தண்டவாளத்தின் தடிப்பு, குறுக்குக் கட்டையின் உறுதி, அடியிலிட்ட கல், பாலத்தின் வலிமை. இவற்றைப் பலப்படுத்தி, வளைவுகளை விரிவாக்கினால், மூன்றரை அடிப் பாதையும் பெரும் பாரத்தைச் சுமக்கும். ஒரு காலத்தில் மீற்றருக்கு 20 கிலோகிராம் தண்டவாளம் இட்ட அதே மாநிலம், இன்று தன் பெரிய நிலக்கரிப் பாதைகளில் 60 கிலோகிராம் தண்டவாளத்தைக் கொங்கிரீற்றுக் கட்டைகளின் மேல் இட்டு, ஓர் அச்சுக்கு 26½ தொன் வரை ஏற்றுகின்றது. அகலம் ஓர் அங்குலமும் மாறவில்லை.

ஆயினும் ஒடுக்கத்துக்கு ஒரு தண்டனை உண்டு. அது எஞ்சினுக்கே உரியது. மின்னோடி இரு சக்கரங்களுக்கு இடையில் தொங்க வேண்டும். இடைவெளி குறைந்தால் மின்னோடி சிறுக்கும். மின்னோடி சிறுத்தால் இழுவை குறையும். அகலப் பாதையில் ஓர் எஞ்சின் செய்யும் வேலைக்கு இங்கே கூடுதலான எஞ்சின்கள் வேண்டியிருந்தன.

மவுராவைத் தொடர்ந்து வந்தது கூனியெல்லா. அமெரிக்காவின் யூற்றா கம்பனியும் யப்பானின் மிற்சுபிஷி கம்பனியும் 1968-இல் மாநில அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்தன. 1971-இல் கூனியெல்லாச் சுரங்கமும், அங்கிருந்து ஹே பொயின்ற் துறைமுகம் வரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பாதையும், தொழிலாளருக்கென மொரன்பா என்னும் புதிய ஊரும் எழுந்தன. 1972-இல் பீக் டவுன்ஸ், 1974-இல் சராஜி, 1979-இல் நோர்விச் பார்க் என வேறு சுரங்கங்களும் அவ்வழியே வந்து சேர்ந்தன. இப்பாதைக்கென வந்த 2100 என்னும் இலக்கத் தொகுதி எஞ்சின்கள், ஜெனரல் மோட்டர்ஸ் அமைப்பில் அவுஸ்திரேலியாவிலேயே கட்டப்பட்டவை. ஆறு அச்சு, 2000 குதிரைவலு, நிறை நூறு தொன்னுக்குச் சற்றுக் குறைவு.

அவற்றின் முன் இருந்த வேலையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நூறு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் பத்தாயிரம் தொன்னை இழுப்பதாயின், புவியீர்ப்பை வெல்ல மாத்திரம் நூறு தொன் இழுவை தேவை. உருளும் தடையையும் சேர்த்தால் அது இன்னும் இருபது, முப்பது தொன் கூடும். எஞ்சின் ஒன்றின் இழுவையோ, அதன் நிறையில் நாலில் ஒரு பங்கு எனக் கொண்டால், இருபத்து நான்கு தொன். ஆகவே ஆறு எஞ்சின்கள். ஆறையும் முன்னே பூட்டினால் முதற் பெட்டியின் கொளுவி அத்தனை இழுவையையும் தாங்க வேண்டும், அது அறுந்துவிடும். மூன்றை முன்னும் மூன்றை நடுவிலும் வைத்தால், முன்னவை முன்பாதியை இழுக்கும், நடுவிலுள்ளவை பின்பாதியை இழுக்கும். எந்தக் கொளுவிக்கும் பாதிச் சுமைதான்.

நடுவிலுள்ள எஞ்சின்களுக்கு ஓட்டுநர் யார்? இங்கேதான் நமக்கு நெருக்கமான வானொலி வந்து உதவியது. லொக்கோற்றோல் என்ற அமெரிக்க முறைப்படி, முன் எஞ்சினில் ஓட்டுநர் செய்யும் ஒவ்வோர் அசைவும் வானொலி அலையாகப் பின்னே சென்று, நடுவிலுள்ள எஞ்சின்களை இயக்கும். இழுவைக்கு மாத்திரமன்றி நிறுத்தத்துக்கும் இது இன்றியமையாதது. புகையிரதத்தின் பிரேக்குகள் நெடுங்குழாயினூடே காற்றழுத்தம் குறைவதால் பிடிப்பவை. முன்னே ஓட்டுநர் அழுத்தத்தைக் குறைத்தபின், அவ்வசைவு இரண்டு கிலோமீற்றர் தூரம் ஓடிக் கடைசிப் பெட்டியை அடைய நேரமாகும். அந்நேரத்தில் முன்பெட்டிகள் நின்றும் பின்பெட்டிகள் முட்டியும் வண்டி நொறுங்கக் கூடும். நடுவிலிருந்தும் அதே கணத்தில் காற்றை வெளியேற்றினால் அந்த ஆபத்துப் பெரிதும் குறையும்.

கூனியெல்லாப் பாதையில் அதற்கான சோதனை ஒவ்வொரு நாளும் நிகழ்ந்தது. உள்நாட்டுக்கும் கடலுக்கும் இடையே கொனர்ஸ் மலைத்தொடர் கிடக்கிறது. கரி நிறைந்த வண்டிகள் மேற்கிலிருந்து மெல்ல ஏறி வந்து, கருமலை எனப்படும் சரிவில் ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கரையோரச் சமவெளிக்கு இறங்க வேண்டும். பத்தாயிரம் தொன் பாரம் பின்னின்று தள்ளுகிறது. பிரேக்குக் கட்டைகளை மாத்திரம் நம்பினால் அவை சூடேறிப் பயனற்றுப் போகும். ஆகையால் ஓட்டுநர் மின்னோடிகளையே தலைகீழாகப் பயன்படுத்துவார். சக்கரம் மின்னோடியைச் சுழற்ற, மின்னோடி மின்பிறப்பாக்கியாக மாறி, அவ்வேலையால் வண்டியைத் தாமதிக்கச் செய்யும். பிறந்த மின்சாரம் எஞ்சினின் மேற்பகுதியிலுள்ள தடைக் கம்பிகளில் வெப்பமாகி, விசிறிகளால் வெளியே ஊதப்படும். ஏற்றத்தில் இழுத்த எஞ்சினே இறக்கத்தில் பிடித்துக்கொள்கிறது. மலையை வெட்டித் தகர்க்காமல் அதன்மேலேயே இத்தகைய வண்டிகளை ஓட்ட முடிந்தது இதனாலேயே.

மலையடிவாரத்தில் அலுவல் எளிது. துறைமுகத்தில் பாதை ஒரு பெரிய வளையமாகச் சுற்றி வரும். வண்டி நிற்பதில்லை, மெல்ல ஊர்ந்துகொண்டே குழியைக் கடக்கையில் பெட்டிகளின் அடிக் கதவுகள் தாமே திறந்து கரியைக் கொட்டும். சுரங்கத்திலும் அவ்வாறே ஊர்ந்து சென்றபடியே தொட்டியின் கீழ் நிறைத்துக்கொள்ளும். எஞ்சினைக் கழற்றி மறுபுறம் பூட்டும் வேலையே இல்லை.

இப்பொழுது பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இவ்வளவு பெரிய பாதையை யார் கட்டினர்? பணத்தைக் கொடுத்தவை சுரங்கக் கம்பனிகள். பாதையையும் எஞ்சினையும் உடைமையாக்கியது மாநில அரசாங்கம். கம்பனிகள் கட்டுமானச் செலவைப் பிணைப்பணமாக முன்கூட்டியே கட்டின. அது காலப்போக்கில் அவர்களுக்குத் திருப்பிச் செலுத்தப்பட்டது. தொடக்கத்தில் நிலத்தடிச் செல்வத்துக்காக அரசாங்கம் பெற்ற றோயல்ற்றி எனப்படும் உரிமைப்பணம் ஒரு தொன்னுக்குச் சில சதங்களே. மாநிலத்தின் செல்வம் அந்நியருக்குத் தாரைவார்க்கப்படுகிறது என்று அந்நாளில் எழுந்த கண்டனம் நியாயமானது. ஆனால் அது முழுக் கணக்கு அன்று. 1968 முதல் 1987 வரை முதலமைச்சராக இருந்த யோ பியெல்கே-பீற்றர்சனின் அரசாங்கம், தான் வேண்டியதைப் புகையிரத ஏற்றுக்கூலியில் வைத்துப் பெற்றுக்கொண்டது. கரியைக் கொண்டு செல்ல ஆகும் செலவைவிட மிகுதியான கூலி. வேறு பாதை இல்லை. வேறு புகையிரதமும் இல்லை. கம்பனி கொடுத்தே ஆக வேண்டும். வரி என்ற பெயரின்றி வாங்கிய வரி இது. நட்டத்தில் ஓடிய கிராமப் பாதைகள் பல, இந்தக் கரிக்கூலியின் நிழலிலேதான் உயிர் வாழ்ந்தன.

கெட்டித்தனமான ஏற்பாடு என்று இதனைப் புகழ்வோர் உளர். எனக்கு அத்துணை நிறைவில்லை. சட்ட சபையில் விவாதித்து விதிக்கும் வரியை மக்கள் கேள்வி கேட்கலாம்; கூலிச் சீட்டிலே மறைந்த வரியை யார் கேட்பார்? மத்திய அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1975-இல் அது உயர்தரக் கற்கரி நிலக்கரியின் ஏற்றுமதிக்குத் தொன்னுக்கு ஆறு டொலர் வரி விதித்தது. பிரிஸ்பேனும் கன்பெராவும் ஒரே பெட்டியில் கைவிட்டுத் துழாவின. ஏற்றுக்கூலியையும் உரிமைப்பணத்தையும் வேறு வேறாகப் பிரிக்கும் வேலை 1990-களிலேதான் நடைபெற்றது.

கணக்கில் வராத விலை ஒன்றும் இருந்தது. 1975 செப்டெம்பரில் கியங்காச் சுரங்கம் வெடித்து 13 பேர் இறந்தனர். 1986 யூலையில் மவுராவின் நான்காம் இலக்கச் சுரங்கத்தில் 12 பேர். 1994 ஓகத்தில் அங்கே இரண்டாம் இலக்கச் சுரங்கத்தில் 11 பேர். மறு வெடிப்புக்குப் பின் அச்சுரங்கம் மூடப்பட்டது, உடல்கள் உள்ளேயே கிடக்கின்றன. ஒரே சிற்றூரைச் சூழ்ந்து இருபது ஆண்டுகளுக்குள் 36 உயிர்கள். குறுக்குப் பாதையில் வண்டிகள் தொடர்ந்து ஓடின.

1973-இலும் 1979-இலும் எண்ணெய் விலை துள்ளி எழுந்தபோது, டீசலின் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. தொடர்ந்து ஏறிய பாரமும் அதற்கு எதிராக நின்றது. 1980-களின் நடுப்பகுதியில் பிளாக்வாற்றர், கூனியெல்லா ஆகிய பாதைகள் மின்மயமாக்கப்பட்டன. மின்சாரம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நிலக்கரியை எரிக்கும் மின் நிலையங்களிலிருந்து. நீராவிக் காலத்தில் தன்னைத் தானே இழுத்த கரி, டீசல் காலத்தில் ஓய்ந்திருந்து, இப்போது கம்பி வழியே மீண்டும் தன்னைத் தானே இழுக்கலாயிற்று. இப்சுவிச் முதியவர்கள் இதனைக் கேட்டுச் சிரித்திருப்பர்.

டீசல் இத்துடன் ஒழிந்ததென்று எண்ண வேண்டாம். மவுராப் பாதைக்கு மின்கம்பி வரவில்லை. 1984-இல் திறந்த நியூலண்ட்ஸ், அபொற் பொயின்ற் பாதைக்கும் வரவில்லை. கூனியெல்லாவில் விடுபட்ட எஞ்சின்கள் வேறிடங்களில் உழைத்தன. 1999 முதல் 4000 என்னும் இலக்கத் தொகுதி வந்தது. 120 தொன் நிறை, மூவாயிரம் குதிரைவலு. குறிப்பிடத்தக்க மாற்றம் அதன் மின்னோடியில். பழைய நேரோட்ட மின்னோடியில், மின்சாரத்தைத் திசைமாற்றும் செப்பு வளையம் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. புதிய ஆடலோட்ட மின்னோடிக்கு அது தேவையில்லை. ஆகவே அதே ஒடுங்கிய இடைவெளியில் வலிமை கூடிய மின்னோடியை வைக்க முடிந்தது. ஒடுக்கம் விதித்த பழைய தண்டனையை ஓரளவு தளர்த்தியது இதுவே. 2011 டிசெம்பரில், கூனியெல்லாவையும் நியூலண்ட்ஸையும் இணைக்கும் 69 கிலோமீற்றர் பாதை திறக்கப்பட்டபோது, அதற்கும் மின்கம்பி இடப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 2010 நவம்பரில், அரசாங்கம் தன் நிலக்கரிப் புகையிரத நிறுவனத்தைப் பங்குச் சந்தையில் விற்றிருந்தது. ஏற்றுக்கூலிக்குள் வரியை மறைக்கும் பழைய வித்தைக்கு இனி இடமில்லை.

பிட்ஸ்கிபன் இட்ட முதற் பாதை என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். அது இன்றும் இருக்கிறது. அதிலும் நிலக்கரி செல்கிறது. மேற்கு மோர்ற்றன் பாதை என அதற்கு இப்போது பெயர். துவூம்பாவுக்கு மேற்கே உள்ள சுரங்கங்களின் கரியை, டீசல் எஞ்சின்கள் 1867-இல் திறந்த அதே மலைப்பாதையால் இறக்கி, பழைய குகைப்பாதைகளினூடே இப்சுவிச்சைக் கடந்து, பிரிஸ்பேன் துறைமுகத்துக்குக் கொண்டு செல்கின்றன. வடக்கே ஓர் அச்சுக்கு 26½ தொன் ஏற்றுகையில், இங்கே 15¾ தொன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. வண்டித்தொடரும் குறுகியது. நகரின் புறச்சேரிகளில் வாழ்வோர் கரித்தூளைப் பற்றி முறையிட்டதனால், 2013 முதல் பெட்டிகளில் குவிந்த கரியின்மேல் பசைநீர் தெளித்து அனுப்புகின்றனர். மலையிறக்கத்தில், 100 மீற்றர் ஆரையுள்ள அந்த வளைவுகளில், எஞ்சின்கள் ஆட்டு மயிர் வண்டிகளுக்கென வகுத்த வேகத்தை விடச் சற்றே கூடிய வேகத்தில் ஊர்ந்து இறங்குகின்றன.